பார்சிலோனாவில் கடலுக்குப் போக: விசா முதல் மணல் வரை

பார்சிலோனா போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் தேவாலயம், கால்பந்து மைதானம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும் நாள் மதியம் மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்தில் கடற்கரைக்குப் போகிறார்கள். பாஸ்போர்ட், பணம், அட்டை, சார்ஜர் எல்லாமே ஒரே பையில் தோளில் தொங்கும் நாள் அது. நகரின் பெயர்பெற்ற கடற்கரையான பார்சிலோனெட்டாவின் மணலுக்கு அதைவிடத் தப்பான நாள் கிடையாது. கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். சிக்கலெல்லாம் நாம் எதைத் தூக்கிக்கொண்டு போகிறோம், எந்த நேரத்தில் போகிறோம் என்பதில்தான்.

நாங்கள் குடும்பத்தோடு போனபோது விசாவில் தொடங்கி மெட்ரோ டிக்கெட் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்து, அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்து போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே உள்ள விலைகள் 2025 நிலவரம். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஜனவரியில் ஏற்றுவார்கள்.

1. முதலில் விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். பிரிட்டன், கனடா, சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். நீங்கள் இந்தப் படியின் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு இரண்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தப் பதினைந்தை நம்பி உட்காராதீர்கள். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம் என்பதும் விதி. அதற்கும் முன்னால் விரல்ரேகை கொடுக்க விசா மையத்தில் நேரம் வாங்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் அந்த நேரம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஜூன், ஜூலையில் போவதாக இருந்தால் பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். 'நான் வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்காதீர்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது.

கையில் இருக்க வேண்டியவை: கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கிய பாஸ்போர்ட், ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, போக வர விமான முன்பதிவு. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும்போது, ஆளுக்கு நாளைக்கு 100 யூரோவுக்குச் சற்று மேல் கணக்குப் போட்டு ஸ்பெயின் எதிர்பார்க்கிறது. நாலு பேர் ஒரு வாரம் என்றால் கூட்டிப் பாருங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகையைப் போட்டு நிரப்பினால் சந்தேகம்தான் வரும்.

நிறையப் பேர் மாட்டும் இடம் இது: பாரிஸில் ஐந்து நாள், பார்சிலோனாவில் இரண்டு நாள் என்றால் ஸ்பெயினிடம் விண்ணப்பிக்கக் கூடாது, பிரான்ஸிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. நாள்கள் சமமாக இருந்தால் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அந்த நாடு. விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள்; முன்பதிவுத் தாள் போதும்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல்ரேகையும் முகப் படமும் பதியும் முறை வந்திருக்கிறது. முதல்முறை நுழைகிறவர்களுக்கு வரிசை மெதுவாக நகரலாம். வேறு ஷெங்கன் ஊரில் விமானம் மாறிப் போகிறீர்கள் என்றால் இடையில் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கும் டிக்கெட் வேண்டாம்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை தண்ணீர் நமக்குத் தாங்கும். மே மாதம் வெயில் அடிக்கும், படம் அழகாக வரும், ஆனால் காலை வைத்தால் சுரீர் என்று இருக்கும். நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அந்தக் குளிர் பிடிக்காது. ஆகஸ்ட்டில்தான் தண்ணீர் நல்ல வெதுவெதுப்பு, கூட்டமும் அப்போதுதான் உச்சம்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. கடல் இன்னும் சூடாக இருக்கும், பள்ளி திறக்கும் நேரமானதால் குடும்பக் கூட்டம் வடிந்திருக்கும்.

ஜூன் 23 இரவைத் தெரிந்துகொண்டே திட்டமிடுங்கள். சான் ஜோன் திருவிழா அன்று. கடற்கரை முழுக்க ஆட்கள், விடிய விடிய வெடி. அனுபவிக்கிறவர்களுக்கு அருமையான இரவு. கைக்குழந்தை இருந்தால் அந்தப் பக்கமே அறை எடுக்காதீர்கள். மறுநாள் விடியற்காலையில் ஆட்களை வெளியேற்றிவிட்டு மணலைச் சுத்தம் செய்வார்கள். அந்தக் காலையில் குளிக்கப் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

3. தங்கும் இடம்

கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மெட்ரோவின் மஞ்சள் நிற நான்காம் பாதை (எல்-4) மேல் எங்கே தங்கினாலும் கடற்கரை கைக்கெட்டும் தூரம்தான். போப்ளநோவ் பக்கம் தங்கினால் இரவு அமைதி, கடலுக்கு நடந்தே போகலாம்.

முன்பதிவில் காட்டும் விலையோடு சுற்றுலா வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. 2025-இல் நாலு நட்சத்திர விடுதியில் 5.70 யூரோ, சுற்றுலா அடுக்ககத்தில் 6.25 யூரோ என்று இருந்தது. 16 வயது வரை உள்ளவர்களுக்கு இல்லை, ஏழு இரவுக்கு மேல் இல்லை. கடைசி நாள் கவுண்டரில் நாலு பேருக்கு ஐந்து இரவு என்று கணக்குச் சொல்லும்போது திகைக்காமல் இருக்க, இதை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட் விவரத்தை விடுதிக்காரர் வாங்குவது சட்டப்படியான நடைமுறை, அதற்குத் தயங்க வேண்டாம்.

அறையில் பூட்டு வைத்த பெட்டகம் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே பாருங்கள். ஏன் என்று ஆறாம் படியில் தெரியும்.

4. போய்ச் சேரும் வழி

விமான நிலையத்திலிருந்து நகரின் மையமான கத்தலூன்யா சதுக்கத்துக்கு ஏரோபுஸ் என்ற பேருந்து போகிறது. ஏறத்தாழ 35 நிமிடம், ஏழு யூரோவுக்குச் சற்று மேல். ரயிலும் மெட்ரோவும் உண்டு.

நகருக்குள் சுற்ற டி-கேஷுவல் என்ற பத்துப் பயண அட்டை வாங்குங்கள், 12.55 யூரோ. ஒற்றை டிக்கெட் 2.65 யூரோ என்பதால் ஐந்து முறை போனாலே லாபம். ஒரு பயணத்தில் 75 நிமிடத்துக்குள் மெட்ரோவிலிருந்து பேருந்துக்கு மாறினாலும் ஒரே பயணமாகத்தான் கழியும்.

இந்த அட்டையில் இரண்டு சூட்சுமம். ஒன்று, அது ஓர் ஆளுக்குத்தான். ஒரே அட்டையைத் தேய்த்து நாலு பேரும் உள்ளே போக முடியாது; ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். இரண்டு, விமான நிலையத்தில் இருக்கும் மெட்ரோ நிலையங்களில் அது செல்லாது. அங்கே 5.70 யூரோ தனி டிக்கெட். அதே விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும் ரயிலிலும், 46-ஆம் எண் நகரப் பேருந்திலும் டி-கேஷுவல் செல்லும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய மிச்சம்.

கடற்கரைக்கு: கத்தலூன்யா சதுக்கத்தில் எல்-4 நிற்காது. அங்கிருந்து ஊர்க்கினாவோனா நிலையம் ஐந்து நிமிட நடை. அங்கே லா பாவ் திசை வண்டியில் ஏறினால் ஜாவுமே, அடுத்து பார்சிலோனெட்டா. நிலையத்திலிருந்து மணலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். முதியவர்கள் இருந்தால் வி-15 அல்லது டி-20 பேருந்து இன்னும் கிட்டே கொண்டுபோய் விடும்.

5. எந்தக் கடற்கரை

பார்சிலோனெட்டா என்பது ஒரு துண்டுதான். நகரின் கடற்கரை நாலரை கிலோமீட்டர் நீளம், ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பல பெயர்கள். தெற்கே பாய்மரம் மாதிரி நிற்கும் கண்ணாடி விடுதிக்குப் பக்கத்தில் சான் செபஸ்தியா, அப்புறம் சான் மிகேல், பார்சிலோனெட்டா, சோமோரோஸ்த்ரோ. ஒலிம்பிக் துறைமுகத்தைத் தாண்டினால் நோவா இகாரியா, பொகதேல், மார் பெய்யா, நோவா மார் பெய்யா, கடைசியில் லியவந்த்.

பெரும்பாலான பயணிகள் முதல் நாலில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். துறைமுகத்தைத் தாண்டி நடக்க மனசில்லாததுதான் காரணம். அதே தண்ணீர், அதே மணல், இன்னும் இரண்டு மெட்ரோ நிறுத்தம். குழந்தைகளோடு போகிறவர்கள் நோவா இகாரியாவுக்குப் போங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களைத் தண்ணீரில் இறக்கிக் குளிக்க உதவும் இலவசச் சேவையும் கோடையில் அங்கே உண்டு. கூட்டம் குறைவாக, கொஞ்சம் விரிந்து உட்கார வேண்டும் என்றால் பொகதேல். அதற்கு லியாக்குனா அல்லது போப்ளநோவ் நிலையத்தில் இறங்குவது வசதி.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய ஒன்று: எந்தக் கடற்கரையிலும் மேலாடை இல்லாமல் பெண்கள் படுத்திருப்பது சாதாரணம். சான் செபஸ்தியாவின் ஒரு பகுதியிலும் மார் பெய்யாவிலும் முழு நிர்வாணமாகவும் இருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்காதீர்கள், படம் எடுக்கவே எடுக்காதீர்கள். உங்கள் பக்கம், உடலை முழுக்க மூடும் நீச்சல் உடைக்கும் தடை இல்லை. லெகின்ஸும் முழுக்கைச் சட்டையுமாக நீந்தும் வகை உடை நம் பெண்களுக்கு நல்ல வசதி, வெயிலும் சுடாது. சேலையோடு, சுடிதார் துப்பட்டாவோடு ஆழத்துக்கு இறங்க வேண்டாம். நனைந்த துணி காலைச் சுற்றும்.

6. கையில் எடுத்துப் போவது

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் வையுங்கள்; அதன் முதல் பக்கத்தின் நகலும் கைபேசியில் ஒரு படமும் போதும். ஓர் அட்டை, 20 யூரோ பணம், மெட்ரோ அட்டை, கைபேசி. இந்த நான்கும் கழுத்தில் மாட்டும் தண்ணீர் புகாத உறைக்குள் அடங்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டே குளிக்கலாம். மிச்சமெல்லாம் தொலைந்தாலும் கவலையில்லாத பொருளாக இருக்கட்டும்: துண்டு, தண்ணீர்ப் பாட்டில், வெயில் பூச்சு, மாற்றுச் சட்டை, ஒரு துணிப்பை. கைக்கடிகாரம், தாலிக்கொடி தவிர்த்த நகைகள், லேப்டாப் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

திருட்டு நடக்கும் விதம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். பின்பக்கமாக ஒருவர் வருவார், குனிந்து நேரம் கேட்பார், அல்லது ஒரு தாளை நீட்டி வழி கேட்பார். அந்தத் தாள் உங்கள் துண்டின் மேலிருக்கும் கைபேசிக்கு மேலே வந்து நிற்கும். நீங்கள் நிமிர்ந்து பதில் சொல்லும் அந்தப் பத்து விநாடியில், தாளோடு சேர்ந்து கைபேசியும் மேலே போகும். இல்லையென்றால் இன்னொருவர் மறுபக்கம் நடந்துபோகிற போக்கில் பையைத் தூக்கியிருப்பார். அடிதடி, மிரட்டல் எதுவும் இருக்காது; அதனால்தான் அவர் போன பிறகுதான் தெரிகிறது. துண்டுக்கு அடியில் ஒளிப்பது, செருப்புக்குள் திணிப்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஆகவே ஒரே நேரத்தில் எல்லோரும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒருவர் எப்போதும் மணலில். அவரும் பையின் வாரை காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்காரட்டும். தனியாகப் போகிறீர்களா, கழுத்து உறைக்குள் அடங்காத எதையும் கொண்டுபோகாதீர்கள். கடைசி நாள் பெட்டியோடு என்றால், விடுதியிலேயே மாலை வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். சான்ட்ஸ் ரயில் நிலையத்திலும் பூட்டறைகள் உண்டு.

7. நேரம்

காலை பத்து மணிக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும், ஆகவே ஆறு மணிக்குப் போனாலும் மூன்று மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். நடுப்பகலில் மணல் காலைச் சுடும், நிழல் என்று எதுவும் கிடையாது. சாய்வு நாற்காலியும் குடையும் வாடகைக்குக் கிடைக்கும். உட்காரும் முன் விலைப்பலகையைப் பாருங்கள், நாற்காலிக்கும் குடைக்கும் தனித்தனிக் காசு.

8. தண்ணீரில் இறங்கும் முன்

கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் இடுப்பளவோடு நில்லுங்கள், சிவப்பு என்றால் குளிக்கத் தடை. மெரினா அலையைப் பார்த்த கண்ணுக்கு மத்தியதரைக் கடல் ஏரி மாதிரி தெரியும். அந்தத் தைரியம் வேண்டாம். கிழக்குக் காற்று வீசும் நாளில் அலை புரட்டி எடுக்கும். அமைதியான நாளிலும் சில இடங்களில் நாலைந்து அடி நடப்பதற்குள் தரை கீழே இறங்கிவிடும். பெரும் மழை பெய்த மறுநாள் கழிவுநீர் கடலில் கலந்து குளிக்கத் தடை விதிப்பதும் உண்டு. உயிர்காப்பாளர்கள் கோடையில்தான் இருப்பார்கள், அதுவும் பகலில்தான்.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரிலேயே கழுவிவிட்டு உயிர்காப்பாளரிடம் போங்கள். அவசரத்துக்கு எண் 112, எங்கிருந்தும் இலவசம்.

குழந்தையின் கையில் பேனாவால் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதிவிடுங்கள்.

9. அபராதம் வரும் இடங்கள்

2022 ஜூலை முதல் நகரின் எல்லாக் கடற்கரையிலும் புகைபிடிக்கத் தடை, மீறினால் 30 யூரோ. பொது இடத்தில் மது குடிப்பதற்கும் அபராதம் உண்டு. மணலில் நடந்து 'பீர், மோஹீத்தோ' (புதினா போட்ட மது) என்று கூவி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். அனுமதி இல்லாத வியாபாரம், வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், அந்த மோஹீத்தோவைச் சோதனை செய்தபோது மலக் கிருமிகள் இருந்தது செய்தியாகவே வந்திருக்கிறது. ஐஸும் புதினாவும் எங்கே வைத்திருந்தார்களோ! திடீரென்று தோளைப் பிடித்து மசாஜ் தொடங்குகிறவர்களிடமும் முதல் தொடுதலிலேயே 'நோ கிராசியாஸ்' (வேண்டாம், நன்றி) சொல்லிவிடுங்கள்.

மணலை விட்டுத் தெருவுக்கு வந்ததும் சட்டையைப் போடுங்கள். நீச்சல் உடையோடும் சட்டையில்லாமலும் தெருவில் நடக்க 2011 முதல் தடை. கடற்கரைக் குழாயில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாது. வறட்சிக் காலத்தில் அந்தக் குழாய்களையே நிறுத்திவைத்ததும் உண்டு, ஆகவே காலில் மணலைக் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் மிச்சம் வையுங்கள்.

10. சாப்பாடு

கடலைப் பார்த்த மேசைகளில் பாஎய்யா என்ற ஸ்பானிய அரிசிச் சாப்பாடு கேட்டால் பல கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் தருவார்கள், விலையும் ஆளுக்கு என்று எழுதியிருக்கும். படம் போட்ட அட்டையைக் காட்டி வாசலில் கூப்பிடும் கடைகளைத் தாண்டி, பார்சிலோனெட்டாவின் குறுகிய தெருக்களுக்குள் இரண்டு சந்து போங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரைக்குத்தான் தொடங்கும், இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிப் பாஎய்யாவையும் மீன் சாற்றில் வேகவைக்கும் கடைகள் உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். தக்காளி தேய்த்த ரொட்டி, காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா (சில இடங்களில் மேலே நெத்திலி வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்) இவை எளிதில் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ருசிதான் கொஞ்சம் ஒரு மாதிரி.

அட்டை தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் நன்றாகவே பிடித்துவிடுவார்கள்.

11. திருட்டுப் போய்விட்டால்

துரத்தாதீர்கள். முதலில் வங்கி அட்டையை முடக்குங்கள். அதற்கான எண்ணை உடன் வந்தவர் கைபேசியிலும் சேமித்திருந்தால்தான் இது நடக்கும். அப்புறம் கத்தலூன்ய மாநிலக் காவல்துறையான மோஸோஸ் நிலையத்துக்குப் போங்கள். பழைய நகரத்தில் நோவ் தெ லா ரம்ப்லா தெருவில் ஒன்று இருக்கிறது. புகார் எழுதிக் கொடுக்கக் கோடையில் அரைநாள் போய்விடலாம்; தண்ணீரும் பொறுமையும் எடுத்துப் போங்கள். கைபேசி என்றால் அதன் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்பார்கள், ஊரிலிருந்து கிளம்பும்போதே குறித்துவையுங்கள். புகாரின் முத்திரையிட்ட நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

பாஸ்போர்ட்டே போய்விட்டால், இந்தியர்களுக்கு பார்சிலோனாவிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. மாட்ரிட் போக வேண்டியதில்லை. போலீஸ் புகார் நகல், பழைய பாஸ்போர்ட்டின் படம், விசாவின் படம், இரண்டு மூன்று பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், திரும்பும் டிக்கெட் எல்லாம் எடுத்துப் போங்கள். அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு அங்கே தருவது அவசரச் சான்றிதழ். அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான். அதை வைத்து அடுத்து ரோம், பாரிஸ் என்று பயணத்தைத் தொடர முடியாது. தூதரகம் சனி, ஞாயிறு இயங்காது என்பதால் வெள்ளிக்கிழமை மாலை தொலைத்தவர், திங்கட்கிழமை விமானத்தைத் தள்ளிவைப்பது பற்றி அன்றிரவே விமான நிறுவனத்தோடு பேசிவிடுவது நல்லது.